சூடு வள்ளத்தில் இருக்கிறது

பதினான்காவது ஆளைக் கடல் கொண்டுபோன வருஷம், அந்தோணியார் திருநாள் முடிந்த வாரத்தில், கல்லாந்துறை மக்களுக்குக் கோபம் நின்றுபோனது. அதே வாரத்தில் ததேயுவின் வள்ளத்தில் எஞ்சின் கொதிக்க ஆரம்பித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி ஊரில் ஒருத்திக்குத்தான் வந்தது, அதுவும் இருபத்துமூன்று நாள் கழித்து, கை வெந்த பிறகு.

அவள் ததேயுவின் மனைவி ஜெனோவா. நாகர்கோவிலில் டீசல் மெக்கானிக் படித்து, அந்த வகுப்பில் ஒரே பெண்ணாக இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவள். கல்லாந்துறையில் எந்த வள்ளத்தின் எஞ்சின் இருமினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்களே அவள் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று எதை எப்படிக் கழற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் வழக்கம்.

கோபம் நின்றதை முதலில் கவனித்தது போலீஸ் அவுட்போஸ்ட். ஒரு வாரமாக ஒரு புகாரும் வராததால், அங்கிருந்த ஏட்டு பின்பக்கத்தில் வெண்டை விதைத்தார், வெண்டை பூத்தும்விட்டது. குழாயடியில் குடங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டன. மீன் ஏலத்தில் யாரும் யாருடைய அம்மாவையும் இழுக்கவில்லை. சாயாக்கடை கிளீட்டஸ், ஈ விழுந்த சாயாவைத் திருப்பிக் கொடுத்தவனிடம் மன்னிப்புக் கேட்டு வேறு சாயா போட்டுக்கொடுத்தார், அது அவர் வம்சத்தில் நடக்காத காரியம். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், சமாதானம் என்பது கேட்டவர்க்கே கிடைக்கும் என்றும் நாம் கேட்டோம் என்றும் சொன்னார். ஆயர் இல்லத்திலிருந்து பாராட்டி ஒரு கடிதமும் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

எஞ்சின் கதை வேறு. மெதுவாகப் போனால் சூடு காட்டும் முள் எண்பதில் நிற்கும், நல்ல பிள்ளை மாதிரி. வேகம் கூட்டும் திராட்டிலை முழுசாகத் தள்ளினால், ஒன்றரை நிமிஷத்தில் நூற்றைத் தாண்டி, சிவப்பைத் தொட்டு, அலாரம் கத்தி, எஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடும். அப்படியானால் முழு திராட்டில் கொடுக்காமல் ஓட்டினால் போயிற்று என்று உள்நாட்டுக்காரர்கள் சொல்லலாம். அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை.

முகம் என்றால் துறைமுகத்தின் வாய். இந்தப் பாஷையில் வாய்க்கும் முகம் என்றுதான் பெயர், ஏன் என்று கேட்டால் அகராதிக்காரர்கள் அரைப் பக்கம் எழுதுவார்கள், கல்லாந்துறையில் கேட்டால் பதினான்கு பெயர் சொல்லுவார்கள், அதாவது முன்பெல்லாம் சொல்லுவார்கள். அலைத்தடுப்புச் சுவர் கட்டுவதற்கு முன்னால் அங்கே முகம் என்று ஒன்றே கிடையாது, கடற்கரை இருந்தது. அவரவர் வீட்டு முன்னாலிருந்து வள்ளத்தைத் தள்ளிவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களுடைய நன்மைக்காக இரண்டு கற்சுவர்கள் வந்தன. சுவர்களின் வாய் நேராகத் தென்மேற்கைப் பார்த்துத் திறந்திருந்தது, ஆனி ஆடியில் அலை எங்கிருந்து வருமோ அதே திசையைப் பார்த்து, விருந்தாளியை எதிர்பார்க்கிறவன் கதவைத் திறந்துவைத்தது மாதிரி. அன்றிலிருந்து உள்ளே வருகிற அலை திரும்பிப் போக வழியில்லாமல் வாயிலேயே எழுந்து நிற்கும். வெளியே போகிற வள்ளம் காத்திருந்து, பெரிய அலைகள் மூன்றை எண்ணி விட்டுவிட்டு, நான்காவது வருவதற்குள் முழு திராட்டிலில் இரண்டு நிமிஷம் பாய வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் எஞ்சின் நின்றால் வள்ளம் கல்லில் ஏறும். கல்லில் ஏறிய வள்ளத்தில் இருந்தவர்களைத்தான் ஊர் எண்ணிக்கொண்டிருந்தது.

ததேயுவின் எஞ்சின் அந்த இடத்தில் இரண்டு தடவை நின்றுவிட்டது. முதல் தடவை அலையே வள்ளத்தை உள்ளே தள்ளிவிட்டது. இரண்டாம் தடவை பின்பக்கம் கல்லில் உரசி ஒரு முழ நீளத்துக்குப் பைபர் கிழிந்தது. ததேயு வீட்டுக்கு வந்து, நனைந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, ஒன்றுமில்லை பிள்ளை, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்லிச் சிரித்தான். ஜெனோவா பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். அவளுக்குத் தெரிந்த ததேயு, சட்டைப் பித்தான் கழன்றாலே தையல்காரனின் மூன்று தலைமுறையைத் திட்டுகிறவன். இந்தச் சிரிக்கிற ஆளுக்கு அவள் என்ன சொல்லியும் ஏறவில்லை. போகாதீங்க என்றாள். சரி என்றான். மறுநாள் போனான்.

ஆகவே அவள் எஞ்சினைப் பிரித்தாள். கடல்தண்ணீர் இழுக்கிற வாயில் உள்ள சல்லடையைக் கழற்றினாள், அதில் ஒரு பிளாஸ்டிக் பையும் ஒரு குட்டி நண்டும் இருந்தன, இரண்டையும் எடுத்த பிறகும் முள் ஏறியது. தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தைக் கழற்றி இதழ் இதழாக வளைத்துப் பார்த்தாள், எல்லா இதழும் உயிரோடு இருந்தன. தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினாள், அது திறக்க வேண்டிய சூட்டில் ஒரு டிகிரி பிசகாமல் திறந்தது. உறிஞ்சும் குழாய் முழு வேகத்தில் உள்ளுக்குள் சப்பிப்போய்த் தொண்டையை அடைப்பதும் உண்டு, வெளியே பார்த்தால் தெரியாது, ஆகவே புதுக்குழாய் மாட்டினாள். பச்சைக் குளிர்திரவத்தை எல்லாம் வடித்து, ஏழு தடவை கழுவி, வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, அதில் குமிழ் வருகிறதா என்று கன்னத்தைச் சாய்த்துவைத்துப் பார்த்தாள், ஒரு குமிழும் வரவில்லை. புரொப்பெல்லரை மாற்றினாள். புகைக்குழாயின் முழங்கையைச் சுரண்டினாள். எஞ்சினில் கோளாறே இல்லை. கோளாறு இல்லாத எஞ்சின் நூற்றைந்து காட்டியது.

இருபத்துமூன்றாம் நாள் காலை, வள்ளத்தைக் கட்டிப்போட்டபடியே முழு வேகத்தில் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஆறுவதற்கு முன்னாலேயே தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள். எந்த மெக்கானிக்கும் செய்யக்கூடாத காரியம் அது, அவளே பத்துப் பேரைத் திட்டியிருக்கிறாள். ஆவி சீறி வந்து இடது உள்ளங்கையைப் பொசுக்கியது. பொசுக்கிய அந்தக் கணத்தில் ஜெனோவாவுக்கு ஒரு பலாமரத்தின் மேல் ஆவேசம் வந்தது. மரத்தின் மேல் அல்ல, அதை வெட்டியவன் மேல். அவன் முகம்கூட அவளுக்குத் தெரியாது, ஆனால் அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அவளுக்குப் பலாமரமே கிடையாது. அவள் வீட்டில் நின்றது ஒரு முருங்கை.

கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போய், வீடு வீடாக, உங்கள் பலாமரத்தை யாராவது வெட்டினார்களா என்று கேட்டாள். ஏழாவதாகச் சாயாக்கடை.

“ஆமா மைனி, என் மச்சினன் வெட்டினான். ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாம இருந்தோம்” என்றார் கிளீட்டஸ். “இப்போ அதெல்லாம் ஒண்ணுமில்ல. நேத்துகூட அவனுக்கு மீன் குடுத்துவிட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஜெனோவா துணி சுற்றிய கையைப் பார்த்தாள். பதினான்காவது ஆளை அடக்கம் செய்த நாளை நினைத்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் ஊரில் இல்லை, உதிரிபாகம் வாங்கக் கொச்சிக்குப் போயிருந்தாள், நடந்ததைப் பிறர் சொல்லித்தான் கேட்டாள். செத்துப்போன ரெஜினால்டுக்கு இருபத்தாறு வயது, கல்யாணமாகி நாற்பது நாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையை மறிக்கப் புறப்பட்ட முந்நூறு பேரை அதிகாரிகள் கடற்கரையிலேயே நிறுத்தினார்கள். ஊர்க்கமிட்டித் தலைவர் தொபியாஸ் கையில், ஆவன செய்யப்படும் என்று ஒரு கடிதம் கொடுக்கப்பட்டது. நல்ல வெயில். பெயின்ட் அடிப்பதற்காகக் கரையேற்றி வைத்திருந்த ததேயுவின் வள்ளத்து நிழலில் கூட்டம் ஒதுங்கியது. அடக்கிக்கொள்ளுங்கள் மக்களே, என்றார் சாமியார், பொறுமையாக, உண்மையான அன்போடு. அடக்கிக்கொண்டார்கள். பிணத்தைப் புதைப்பதற்கும் கோபத்தை விழுங்குவதற்கும் இந்த ஊரில் ஒரே சொல்தான், அன்று இரண்டையும் ஒரே பொழுதில் செய்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பிணம் கல்லறைக்குப் போனது. மற்றது பக்கத்தில் இருந்த எஞ்சின் இரும்புக்குப் போனது. சூடு அழியாது, இடம்தான் மாறும் என்று எட்டாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. பரீட்சையில் எல்லோரும் அதை எழுதிப் பாஸ் செய்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே அவள் கோயில் முற்றத்தில் நின்று இதை ஊருக்குச் சொன்னாள். சொன்ன பிறகு நடந்ததுதான் அவளால் பொறுக்கமுடியாமல் போயிற்று. யாரும் மறுக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்றார்கள். மறுநாளிலிருந்து வள்ளத்துக்கு ஆள் வர ஆரம்பித்தது. மாமியாரோடு லேசாகக் கசந்த மருமகள் வந்து பக்கவாட்டில் கைவைத்து நின்றாள், முகம் தெளிந்து போனாள். அடம்பிடிக்கிற பிள்ளைகளைத் தூக்கிவந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். சனிக்கிழமைகளில் வரிசை நீண்டதால் கமிட்டி கயிறு கட்டி, ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று பிரித்தது. யாரோ வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வந்து, ஒவ்வொருவரிடமும் நாற்பத்திரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு, தானும் வரிசையில் நின்று, தன் துறைத்தலைவர் மேலிருந்த மனக்கசப்பை இறக்கிவைத்துவிட்டுப் போனார். வரிசை கலைந்ததும் ததேயு அந்த வள்ளத்தை எடுத்துக்கொண்டு முகத்துக்குப் போனான். ஒன்றரை நிமிஷத்தில் கொதித்த எஞ்சின் இப்போது ஒரு நிமிஷத்தில் கொதித்தது.

ஜெனோவா வரிசையின் நடுவில் போய் நின்று கயிற்றை அறுத்தாள். நீங்கள் இறக்கிவைத்துவிட்டுப் போவதைத்தான் என் வீட்டுக்காரன் சுமந்துகொண்டு அலைக்குள் போகிறான் என்று தொண்டை கிழியக் கத்தினாள். பதினைந்தாவது பெட்டிக்கு இப்போதே அளவெடுத்து வையுங்கள் என்றாள். கடைசியில், இந்த மொழி பேசுகிற எவனையும் எழுந்து நிற்கவைக்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“உங்களுக்கெல்லாம் சூடு சொரணையே இல்லையா?”

தொபியாஸ் அதை யோசித்துப் பார்த்தார். “இல்ல மக்கா” என்றார், இதமாக. “அது ததேயு வள்ளத்துல இருக்கு.”

கூட்டம் ஆமோதித்தது. யாரோ கயிற்றை முடிச்சுப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள்.

சொரணை என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. அது ஸ்மரணை என்பதன் தேய்வு என்பார்கள், அதாவது நினைவு. அப்படியென்றால் அந்த வசவின் முழுப்பொருள், உனக்குக் கொதிப்பும் இல்லை, ஞாபகமும் இல்லை என்பது. கல்லாந்துறையில் இது அகராதிச் சங்கதியாக நிற்கவில்லை. அந்த வாரம் ஜெனோவா பதினான்கு பேரின் பெயரைக் கேட்டபோது தொபியாஸ் ஒன்பதோடு நிறுத்திவிட்டார். ரெஜினால்டின் பெண்டாட்டி, நாற்பது நாள் வாழ்ந்தவள், அவன் எந்தப் பக்கம் வகிடு எடுப்பான் என்று தன் மாமியாரிடம் கேட்டாள், மாமியார் போட்டோவைப் பார்த்துச் சொன்னாள், இருவரும் அமைதியாகப் பயறு உடைத்தார்கள்.

அந்த அமைதி அதிகாரிகளுக்கும் எட்டியது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயில் முற்றத்தில் கூட்டம் என்று ஊரில் மைக் கட்டிச் சொன்னார்கள். சுவரை இன்னும் இருநூறு மீட்டர், அதே திசையில், நீட்டப்போவதாகவும், அதற்கு ஊரின் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றும் அவர்கள் அனுப்பிய தாளில் இருந்தது. ஜெனோவா தொபியாஸிடமிருந்து தாளை வாங்கி முழுவதும் வாசித்தாள். இதுவரை நேர்ந்த உயிரிழப்புகள் யாவும் கடல் சீற்றத்தால் நேர்ந்தவை என்பதைப் பொதுமக்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்று நான்காம் பத்தி சொன்னது. சீற்றம். இந்த ஜில்லாவில் அது கடலுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது.

வாய் இருநூறு மீட்டர் நீண்டால் இரண்டு நிமிஷப் பாய்ச்சல் மூன்று நிமிஷமாகும். ஒரு நிமிஷம் தாங்குகிற எஞ்சினோடு ததேயு அதற்குள் போவான், சிரித்துக்கொண்டே போவான். அவள் மனசில் கணக்கு அவ்வளவுதான்.

கையைப் பொசுக்கிய அந்த எஞ்சின் தண்ணீரைத் ததேயுவுக்கு மட்டும் குடிக்கக் கொடுத்தால் என்ன என்று அவள் முதலில் நினைத்தாள். ஒரு கிளாஸ் உள்ளே போனால் ஆள் பழையபடி ஆகி, போகமாட்டேன் என்பான், உயிர் தங்கும். ஆனால் ஊரே சாந்தமாக இருக்கும்போது ஒரு ஆள் மட்டும் கொதித்தால் அவனுக்குப் பெயர் முன்கோபி. அந்தப் பெயரோடு அவள் ஒரு மாதம் வாழ்ந்து பார்த்துவிட்டாள், அவளைக் கண்டாலே பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதை அவனுக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவள் வள்ளத்தைக் கட்டிப்போட்டு முழு வேகத்தில் ஓட்டினாள். முள் சிவப்பைத் தாண்டி, எழுத்தில்லாத இடத்துக்குப் போய் நடுங்கியது. எஞ்சினை நிறுத்தி, தொட்டியின் அடித்திருகைத் திறந்து, இருபத்திரண்டு லிட்டரையும் கோயிலின் பெரிய அண்டாவில் பிடித்தாள். கிளீட்டஸ் கேட்டதும் தேயிலையும் சர்க்கரையும் தந்தார், எதற்கென்று கேட்கவில்லை, சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் சூடு வேண்டுமே. முந்நூறு பேருக்கு ஆளுக்கு அரைக் கிளாஸ், பால் விடாத கட்டஞ்சாயா வரும், கொஞ்சம் மிஞ்சும். அதில் கொஞ்சம் துருவும் இருந்தது. இரும்புச்சத்து உடம்புக்கு நல்லது என்பதற்கு மேல் இங்கே சொல்வதற்கில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. சாமியார் ஜெபம் சொன்னார். உதவிப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தை விரித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜெனோவா தட்டை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள், சாமியாருக்கும், தொபியாஸுக்கும், ரெஜினால்டின் பெண்டாட்டிக்கும், தன் புருஷனுக்கும், வெயிலில் வந்தவராயிற்றே என்று பொறியாளருக்கும்.

எஞ்சின் கோபத்தைப் பெயர் எழுதி வைத்திருக்கவில்லை, அதனால் விநியோகத்தில் பிழைகள் நேர்ந்தன. கிளீட்டஸின் பலாமரம் சாமியாருக்குப் போனது, அவர் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அரிவாளைக் கேட்டார். கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் பதினெட்டு வருஷத்து ஆங்காரம் ஏட்டுக்குப் போய், அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். துறைத்தலைவர் மேலிருந்த கசப்பு ஒரு கருவாட்டு வியாபாரிக்குக் கிடைத்தது, தன் கட்டுரையைத் திருடிவிட்டார்கள் என்று அவர் குமுறினார். இதெல்லாம் கால்மணி நேரம். அதற்கு அடியில் கிடந்த கோபம் ஒன்று எல்லோருக்கும் பொது, அது யாரிடம் யாருடையது போனாலும் ஒன்றேதான், ஆகவே அதில் பிழை நேர வழியில்லை. அது ஏறியபோது முற்றம் அமைதியாயிற்று. ரெஜினால்டின் பெண்டாட்டி, வலது பக்கம், என்றாள், வலது பக்கம்தான் வகிடு எடுப்பான். தொபியாஸ் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துப் பதினான்கு வரைக்கும் போனார், தகப்பன் பெயரோடு.

பொறியாளருக்கு யாருடையது போனதென்று தெரியாது. அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வாயை இந்தப் பக்கம் வைத்தது யார், அறிவிருக்கிறதா அவனுக்கு என்று உரக்கக் கேட்டார். கீழே இருந்த கையெழுத்து அவருடையதே. அந்தக் கையெழுத்தோடு தாளை நாலாகக் கிழித்தார். பின்னாளில் அவரை மலைப்பக்கம் எங்கோ மாற்றினார்கள், அங்கேயும் ஒரு பாலத்தைப் பற்றிச் சண்டை போட்டதாகக் கேள்வி.

ததேயு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெனோவாவை நோக்கி வந்தான். ஒரு மாதமாகச் சிரித்த முகம் கறுத்திருந்தது. கையில் காலிக் கிளாஸ்.

“எட்டி, யாரைக் கேட்டு எஞ்சின் தண்ணிய எடுத்து எல்லாருக்கும் குடுத்த? உனக்குப் பைத்தியமா? ரெண்டு தடவ அந்த வாய்க்குள்ள நின்னேன். ரெண்டு தடவ. நீ என்னைக் கட்டிப்போட்டு வெச்சிருக்க வேண்டாமா? போன்னு விட்டுட்டு நட்டு கழட்டிக்கிட்டு இருந்திருக்க.”

“சொன்னேன். நீங்க சிரிச்சீங்க.”

“சிரிச்சா? ஒரு அறை விட்டிருக்க வேண்டியதுதானே.”

இதற்கு மேல் அவன் சொன்னவற்றை அச்சில் ஏற்ற முடியாது. அவள் ஒவ்வொரு சொல்லையும் நின்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு அவளும் தன் பங்குக்கு ஆரம்பித்தாள், வாங்கிய வேகத்துக்குக் குறையாமல் கொடுத்தாள். இனி இந்த வாய் வழியாக நான் போகமாட்டேன், என்னைத் தாண்டி எவனும் போகமாட்டான் என்று ததேயு கடைசியாகச் சொன்னபோது அது அவளுக்குச் சொன்னதா ஊருக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. இருவருமே எடுத்துக்கொண்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மூன்று டிராக்டர் வந்தது. ஒரு மணிக்குள் நாற்பத்தோரு வள்ளங்கள் கரையேறி, தென்னந்தோப்பு வழியாக, ஓடு உடைத்து, மதில் இடித்து, இழுக்கப்பட்டு, நெடுஞ்சாலையின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக் குறுக்கே படுத்தன. நடுவில் ததேயுவின் வள்ளம். அதன் பக்கத்தில் ஜெனோவா தண்ணீர் டிரம்மை வைத்து, உறிஞ்சும் குழாயை அதில் விட்டு, தொட்டியில் புதுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினாள். பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாக டிரம்மை நிரப்பினார்கள். அவள் திராட்டிலைக் கடைசிவரை தள்ளினாள். ஒன்றரை நிமிஷம். மூன்று நிமிஷம். ஒரு மணி நேரம். முள் எண்பத்தொன்றில் நின்றது.

நாலு மணிக்கு ஜில்லாவின் பெரிய அதிகாரி வந்து இறங்கினார். அவருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை லாரிகள். அவர் வள்ளத்தின் அருகே வந்து கையைக் கூப்பி ஏதோ சொன்னார், உதடு அசைந்தது. பொறுமையாக, என்று சொல்லியிருக்கலாம். எஞ்சினைக் காட்டி, அதைக் கொஞ்சம் நிறுத்தச்சொல்லிச் சைகை செய்தார்.

ததேயு வள்ளத்தின் மேலிருந்து குனிந்து, காதில் கையை வைத்து, “கேக்கல சார்” என்றான்.

அவர் இன்னும் பக்கத்தில் வந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

“கேக்கல.”